சேர்த்தலும் அடுக்குதலும்: வையாபுரிப் பிள்ளையின் நூல் தொகுதியை முன்வைத்து

தமிழ்ப் பதிப்பு வரலாற்றை எழுதியோர் சுவடி தேடிய பயணங்களுக்குத் தந்த இடத்தைச் சுவடியும் நூலும் சேர்ந்திருந்த அலமாரிகளுக்குத் தரவில்லை. உ. வே. சாமிநாதையரின் அலைச்சலை அறியாத தமிழ் மாணவர் இல்லை. ஆனால் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்த நூல்கள் யாவை, அவற்றை அவர் எவ்வாறு அடுக்கினார், அந்த அடுக்குமுறை அவருடைய ஆய்வை எவ்வாறு பாதித்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. நூல் சேர்த்தல் வசதியுள்ளோரின் பொழுதுபோக்காகவோ, ஆய்வுக்கு முன்னதான ஆயத்தமாகவோ கருதப்பட்டு ஒதுக்கப்படுகிறது. சேர்த்தவர் மறைந்த பின்பு, நூல்கள் எங்கே சென்றன என்பது மட்டும் ஒரு வரிச் செய்தியாக எஞ்சுகிறது.

இவ்வொதுக்கம் தமிழ் மரபுக்கு இசைந்ததன்று. சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்ததே சேர்த்தோரின் செயலால்தான். எட்டுத்தொகை நூல்கள் பலவற்றுக்குப் பாடியோர் பெயரோடு தொகுத்தார் பெயரும் தொகுப்பித்தார் பெயரும் வழங்குகின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. சேர நாட்டு மன்னன் ஒருவனின் பெயர் பாட்டுடைத் தலைவன் என்ற நிலையில் மட்டுமன்றித் தொகை ஒன்றின் காரணகர்த்தா என்ற நிலையிலும் நிற்பது, சேரநாட்டுத் தமிழைப் பற்றிப் பேசும்போது நினைக்கத்தக்கது. தொகுத்தவனையும் ஆசிரியனுக்கு அடுத்த இடத்தில் வைத்துப் பெயர் சொன்ன மரபு இது. அம்மரபின் கண்கொண்டு, திருவனந்தபுரத்தோடு இருமுறை தொடர்பு கொண்டிருந்த பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளையின் (1891–1956) சேகரிப்பும் பதிப்பும் இங்கு நோக்கப்படுகின்றன.

திருவனந்தபுரச் சூழல்

நெல்லைச் சீமையைச் சேர்ந்த வையாபுரிப் பிள்ளை சட்டம் பயின்றதும் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கியதும் திருவனந்தபுரத்தில். 1922இல் அவர் திருநெல்வேலிக்குப் பெயர்ந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நகரம் ஓர் இளம் வாசகனுக்கு அளித்த வாய்ப்புகள் சிறியன அல்ல. சுவாதித் திருநாள் காலத்தில், 1829இல் தோன்றிய பொதுநூலகம் அங்கிருந்தது. 1908இல் சுவடிப் பதிப்புக்கென அரசு ஒரு துறையை நிறுவித் த. கணபதி சாஸ்திரியைப் பொறுப்பில் அமர்த்தியிருந்தது. அடுத்த ஆண்டே பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் ஒரு மடத்தில் மலையாள எழுத்திலமைந்த ஓலைக்கட்டு ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதிலிருந்த வடமொழி நாடகங்களைப் பாசனுடையவை என அவர் 1912 முதல் வெளியிட்டார். அவை பாசனுடையவைதாமா என்ற விவாதம் பின்னர் நெடிது நடந்தது. ஆனால் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த கட்டு இந்திய இலக்கிய வரலாற்றையே திருத்தி எழுதச் செய்யக்கூடும் என்பதை அந்நகரம் கண்ணெதிரே கண்டது. மணலிக்கரை இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

தமிழுக்கும் அங்கு முன்னோடி இருந்தார். மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளை கல்வெட்டுகளைத் தேடிப் படியெடுத்துத் திருவிதாங்கூரின் தொல்லரசர் வரிசையை 1894இல் எழுதியவர். அவருடைய ‘மனோன்மணீயம்’ 1891இல் வெளிவந்தது. ஆசிரியர் 1897இல் மறைந்தார். அந்நாடகத்தை 1922இல் மீண்டும் பதிப்பித்தவர் வையாபுரிப் பிள்ளை. அவருடைய பதிப்புப் பணியின் தொடக்கம் ஓலையில் அன்று, முப்பது ஆண்டு மட்டுமே பழமையான அச்சு நூலில் அமைந்தது என்பது கவனத்துக்குரியது. அச்சேறிய நூலும் மறையக்கூடியதே. முதற்பதிப்பின் படிகள் தீர்ந்தபின் அதுவும் ஏட்டின் நிலையை எய்துகிறது. பழைய அச்சு நூலைச் சேர்ப்பவன் செய்வதும் ஏடு தேடுபவன் செய்வதும் ஒரே தொழில் என்பதற்கு அந்த 1922ஆம் ஆண்டுப் பதிப்பே சான்று.

ஒன்றுக்கு மேற்பட்ட படிகள்

நூல் சேர்ப்பதை விருப்பத் தொழிலாகக் கொண்டோரில் பெரும்பாலோர் தேடுவது அரியதை. முதற்பதிப்பு, ஆசிரியர் கையொப்பமிட்ட படி, கட்டு குலையாத படி என்பன அவர்களுக்கு உயர்ந்தவை. ஒரு நூலின் ஒரு நல்ல படி கைக்கு வந்தபின் மற்றொன்று மிகையாகிறது. பதிப்பாசிரியனின் தேவை இதற்கு நேர்மாறு. பிழை மலிந்த படியும் அவனுக்கு வேண்டும். இன்னும் சொல்லப்போனால், பிழைகள்தாம் அவனுக்கு வழிகாட்டிகள். இரண்டு ஏடுகள் ஒரே இடத்தில் ஒரே விதமாகத் தவறினால் அவை ஒரே மூலத்திலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவை என்று கருத இடம் உண்டு. ஒழுங்கான ஏடு அத்தகைய சாட்சியைத் தருவதில்லை. கற்றறிந்த ஒருவர் அதை முன்னமே திருத்தியிருக்கவும் கூடும்.

வையாபுரிப் பிள்ளையின் பதிப்புப் பட்டியலைக் காலவரிசையில் வைத்து நோக்கினால் இந்த இரண்டாவது வகைச் சேகரிப்பின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. 1926 முதல் 1936 வரை அவர் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியர். அக்காலத்திலும் அதையொட்டியும் அவர் வெளியிட்டவற்றில் நிகண்டுகள் அணிவகுக்கின்றன: நாமதீப நிகண்டு (1930), அரும்பொருள் விளக்க நிகண்டு (1931), பொதிகை நிகண்டு (1934), கயாதரம் (1939). தனிச்சுவை கருதி இவற்றை எவரும் சேர்ப்பதில்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் தேடுகையில் ஒரு நிகண்டு சொல்வதை மற்றொன்று மறுக்கிறதா என்று பார்க்கவே இவை ஒருங்கே வேண்டியிருந்தன. அகராதிக்காகச் சேர்ந்த கருவிகள் பின்னர்த் தனிநூல்களாயின என்றே கொள்ளலாம்.

முதலும் முடிவும் இன்றி, பெயரும் தெரியாமல் கிடைத்த ஓர் அகப்பொருள் இலக்கண ஏட்டை அவர் 1931இல் வெளியிட்டார். ‘களவியற் காரிகை’ என்ற பெயர் அவர் இட்டது. அரியதை நாடும் சேகரிப்பாளன் இத்தகைய குறையேட்டைத் தள்ளிவிடுவான். ஆனால் அதன் உரையில் மேற்கோளாக வரும் பாடல்கள் மறைந்த நூல்களுக்குச் சான்று தருவன. 1938இல் வெளிவந்த ‘புறத்திரட்டு’ இதனினும் பெரிய சான்று. பெயர் அறியப்படாத ஒருவர் பல நூல்களிலிருந்து 1570 பாடல்களைப் பொருள்வாரியாகத் திரட்டிய தொகை அது. இன்று கிடைக்கும் முத்தொள்ளாயிரப் பாடல்களில் மிகப் பெரும்பாலானவையும் தகடூர் யாத்திரைப் பாடல்களும் அத்திரட்டால் பிழைத்தவை. திரட்டியவர் நூல்களைக் காக்க முயன்றதாகச் சொல்ல முடியாது. அறம், பொருள் என்னும் தலைப்புகளுக்கு ஏற்ற பாடல்களைத் தம் விருப்பப்படி எடுத்து வைத்தார், அவ்வளவே. காலம் மூலநூல்களை அழித்தது. ஒருவரின் விருப்பம் எஞ்சியது. சேர்ப்பவனின் நோக்கம் வேறு, சேர்ப்பின் பயன் வேறு என்பதற்கு இதைவிடத் தக்க எடுத்துக்காட்டுத் தமிழில் காண்பதரிது.

அடுக்கைக் கலைத்த பதிப்பு

சேர்த்தலில் அடங்கிய மதிப்பீடு எடுத்துக்கொள்வதோடு முடிவதில்லை. எதன் அருகில் எதை வைப்பது என்பதில்தான் அது முழுமையாக வெளிப்படுகிறது. இங்குத்தான் வையாபுரிப் பிள்ளையின் பெரும்பணியும் அதன் குறையும் ஒருசேரத் தெரிகின்றன.

சைவ சித்தாந்த மகா சமாஜம் 1940இல் வெளியிட்ட ‘சங்க இலக்கியம்’ பாட்டையும் தொகையையும் ஒருங்கே தந்த பதிப்பு. அதில் பாடல்கள் நூல்வாரியாக இல்லை, புலவர்வாரியாக உள்ளன. கபிலர் பாடியவை எத்தொகையில் இருப்பினும் ஓரிடத்தில் வருகின்றன. பரணருக்கும் ஔவையாருக்கும் அவ்வாறே. சங்கப் பாடல்கள் 2381 எனவும், பெயர் தெரிந்த புலவர் 473 எனவும் இன்று மாணவரும் சொல்லும் எண்கள் இப்பதிப்பையொட்டி நிலைபெற்றவை. இவ்வைப்பு முறையால் விளைந்த நன்மை பெரிது. ஒரு புலவரின் சொல்லாட்சி, அவர் பாடிய மன்னர், அவருக்கு உகந்த திணை ஆகியவற்றை ஒரே பார்வையில் காண இயன்றது; காலவாராய்ச்சிக்கும் அது துணையாயிற்று. அவருடைய கால முடிபுகளைக் கடுமையாக எதிர்த்தோரும் இப்பதிப்பின் வசதியைப் பயன்படுத்தத் தயங்கியதில்லை.

ஆயினும் இப்பதிப்பு பழைய தொகுப்பாளர் அறுவர் எழுவரின் அடுக்கைக் கலைத்துவிட்டே தன் அடுக்கை அமைத்தது. அகநானூற்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒற்றைப்படை எண் பெற்றவை யாவும் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி; 4 என முடிவன முல்லை; 6 என முடிவன மருதம்; 10 என முடிவன நெய்தல். பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் நாற்பது நாற்பது. பாடலின் எண்ணே அதன் திணையைச் சொல்லிவிடும். உருத்திரசன்மர் நானூறு பாடல்களைச் சேர்த்தவர் மட்டும் அல்லர். பிரிவு என்னும் ஒழுக்கம் ஏனைய நான்கின் இடையிடையே ஓடிக்கொண்டிருக்கிறது என்னும் ஓர் இலக்கியக் கருத்தை அடுக்கின் வாயிலாகச் சொன்னவர் என்றும் கொள்ளலாம். புலவர் வரிசையில் அக்கருத்து மறைகிறது. நூற்பெயரும் எண்ணும் பாடலோடு குறிக்கப்பட்டிருப்பினும், குறிப்பு வேறு, அருகிருப்பு வேறு.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் போன்றவை இயற்பெயர்கள் அல்ல. பாடலில் வந்த அருந்தொடரைக் கொண்டு பிற்காலத்தார் அமைத்த பெயர்கள். புலவர் வரிசையில் இப்பெயர்களும் கபிலருக்கும் பரணருக்கும் இணையான தலைப்புகளாக நிற்கின்றன. தொகுத்தோரின் அடுக்கை நீக்கி ஆசிரியனை மீட்க முயன்ற பதிப்பு, தொகுத்தோர் படைத்த ஆசிரியர்களையே சில இடங்களில் மீட்டது. பெயரற்ற ஏட்டுக்குக் ‘களவியற் காரிகை’ எனத் தாமே பெயரிட்டவர் இச்செயலின் இயல்பை அறியாதவர் அல்லர். ஆசிரியன், காலம் என்னும் இரண்டையும் ஆராய்ச்சியின் அச்சாகக் கொண்ட அவருக்குத் தொகுப்பாளனின் அடுக்கு கடந்து செல்ல வேண்டிய தடையாகத் தோன்றியிருத்தல் வேண்டும். இது தனிமனிதக் குறையன்று. 19ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த இலக்கிய வரலாற்று நோக்கு முழுவதுமே ஆசிரியனைத் தேடியது, சேர்த்தவனைப் பார்க்கவில்லை.

ஒதுக்கப்பட்டவற்றைச் சேர்த்த ஒருவர்

மூலபாடத்தை நாடும் சேகரிப்பின் எல்லையை உணர, அதற்கு மாறான ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபோது விட்டுச் சென்றவை நூலும் பிறவுமாக ஏறத்தாழ ஒரு லட்சம். 1994இல் சிகாகோப் பல்கலைக்கழகம் அவற்றை வாங்கிச் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. அத்தொகுதியில் இலக்கண இலக்கியங்களோடு நாடகத் துண்டறிக்கைகள், பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள், கடிதங்கள் ஆகியனவும் இடம்பெற்றன. தேர்ந்து எடுக்கும் கண்ணுக்கு இவை குப்பை. ஆனால் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ (2004) என்னும் நூலில் காலணா, அரையணா விலையில் தெருவில் விற்ற பாட்டுப் புத்தகங்களை ஆராய்ச்சிப் பொருளாக்கியபோது, இத்தகைய தொகுதிகளின் மதிப்பு விளங்கிற்று. ஜான் மர்டாக் 1865இல் தமிழ் அச்சு நூல்களுக்கு வகைப்படுத்திய பட்டியல் வெளியிட்டபோது அவற்றுள் பலவற்றைப் பற்றி அவருக்கு நல்லெண்ணம் இல்லை. எனினும் பட்டியலில் சேர்த்தார். அச்சேர்ப்பால் இன்று நாம் அறிவன பல.

வையாபுரிப் பிள்ளையின் தொகுதியும் ரோஜா முத்தையாவின் தொகுதியும் ஒன்றையொன்று பழிப்பன அல்ல. முன்னதில் ஒவ்வொரு நூலும் ஒரு வினாவுக்காக வந்தது. பின்னது வினா எழுவதற்கு முன்பே விடைகளைச் சேர்த்து வைத்தது.

நூலைச் சூழ்ந்த பொருள்கள்

இங்கு நூலோடு தொடர்புடைய பொருள்களைச் சேர்க்கும் வழக்கத்தையும் சிறிது நோக்கலாம். புத்தகக் கண்காட்சிகளில் பாரதியின் தலைப்பாகையும் மீசையும் பொறித்த சட்டைகள், தேநீர்க் கோப்பைகள், நாட்காட்டிகள், பக்கக் குறி அட்டைகள் விற்கப்படுகின்றன. நூலை வாங்காமல் இவற்றை மட்டும் வாங்கிச் செல்வோரும் உளர். இதைக் கண்டு முகம் சுளிப்பது எளிது. ஆனால் ஏட்டுக் காலத்திலும் நூலைச் சூழ்ந்த பொருளுலகம் ஒன்று இருந்தது. ஏட்டின் இருபுறமும் காக்கும் சட்டங்கள், துளையில் கோத்த நாராசம், கட்டும் கயிறு, மடக்கெழுத்தாணி, குண்டெழுத்தாணி, விரித்து வைத்துப் படிக்கும் சிக்குப்பலகை ஆகியவை அவ்வுலகைச் சேர்ந்தவை. வேறுபாடு ஒன்றுண்டு. அப்பொருள்கள் குறிப்பிட்ட ஓர் ஏட்டுக்கு உரியவை. அந்த ஏடு யாரிடம் இருந்தது, எவ்வளவு புழங்கியது என்பதற்குச் சாட்சிகள். சட்டத்தின் அகப்பக்கத்தில் உரிமையாளர் பெயர் எழுதப்பட்டிருப்பதும், இறுதி ஓலையில் கொல்லம் ஆண்டும் மாதமும் குறித்து எழுதியவர் தம் பெயரிடுவதும் தென்பாண்டி நாட்டிலும் திருவிதாங்கூரிலும் பெருவழக்கு. கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும். பாடத்தைப் படியெடுத்து ஓலையை ஒதுக்குபவர் இவ்வளவையும் இழக்கிறார். எழுத்தாணியைத் தனியே வாங்கிக் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பவரும் இழக்கிறார். முன்னவருக்குப் பொருள் இல்லை. பின்னவருக்கு ஏடு இல்லை.

எல்லைக்கு இருபுறமும்

வையாபுரிப் பிள்ளை 1951 முதல் 1954 வரை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். இளம் வழக்கறிஞராக விட்டுச் சென்ற நகரத்துக்குத் தமிழ்த் துறைத் தலைவராக மீண்டார். 1956 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நாஞ்சில் நாட்டு வீடுகளிலிருந்து முன்னர்த் திருவனந்தபுரத்துக்கு வந்த ஏடுகள் கேரளத்தில் தங்கின. அவற்றை எழுதிய குடும்பங்களும் ஊர்களும் தமிழ்நாட்டில் அமைந்தன. காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்தில் தமிழ் ஏடுகளைக் காணும் ஆய்வாளர் அவற்றின் ஊரைத் தேட இன்று மாநில எல்லையைக் கடந்து செல்ல வேண்டும்.

வையாபுரிப் பிள்ளையின் சொந்தத் தொகுதி இதனினும் தொலைவு சென்றது. அச்சு நூல்களும் ஓலைச்சுவடிகளும் அடங்கிய அது கல்கத்தாத் தேசிய நூலகத்தைச் சேர்ந்து, அசுதோஷ் முகர்ஜி, யதுநாத் சர்க்கார் முதலியோரின் தொகுதிகளோடு அவர் பெயரிலேயே இன்றும் விளங்குகிறது. தமிழ் நூல்கள் தமிழகத்தை விட்டுச் சென்றமை குறித்து வருந்துவோர் உண்டு. வருத்தம் இயல்பே. ஆனால் பெயரோடும் தனித்தும் நிற்கும் தொகுதி, உள்ளூரில் பொது அடுக்குகளுக்குள் கரைந்துபோன தொகுதியைவிட ஆய்வுக்கு ஏற்றது. உ. வே. சா.வின் ஏடுகள் 1943இல் அவர் பெயரால் எழுந்த நூலகத்தில் ஒருங்கே இருப்பதாலும், மறைமலையடிகளின் நூல்கள் 1958இல் அவர் பெயரால் அமைந்த நூலகத்தின் கருவாக அமைந்ததாலும் அவ்விருவரின் வாசிப்பை இன்றும் தடம் பற்றிச் செல்ல இயலுகிறது. நூலைத் துறைவாரியாகப் பிரித்து அடுக்கும் நூலகர், 1940ஆம் ஆண்டுப் பதிப்பு அகநானூற்றுக்குச் செய்ததையே ஒரு தனிமனிதனின் அலமாரிக்குச் செய்கிறார். தேடுவோர்க்கு வசதி கூடுகிறது, அருகிருப்பு அழிகிறது.

திருவனந்தபுரத்தில் இது பெருந்தொகுதிகளின் சிக்கல் மட்டும் அன்று. சாலைக் கடைத்தெரு வணிகர், கோட்டையகத்துக் குடும்பங்கள், அரசுப் பணிக்கென நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து தங்கியோர் ஆகியோரின் வீடுகளில் சிறு சிறு தமிழ் அலமாரிகள் இருந்தன. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயின்ற பேரர்கள் தமிழ் பேசுகின்றனர். பலருக்கு எழுத்து வாசிக்க வராது. தாத்தாவின் அலமாரியில் இருப்பது திருவாசகமா, சித்த மருத்துவ வாகடமா, 1930களின் நாவலா என்று பிரித்தறிய இயலாத நிலையில், அது முழுவதும் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போகிறது. அவற்றுள் அரிய நூல் இல்லாமலும் இருக்கலாம். மலையாள நாட்டில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பம் எவற்றை வாங்கிற்று, எவற்றை அருகருகே வைத்தது என்பதற்கு வேறு ஆவணம் இல்லை.

பல்கலைக்கழகத் துறைகள் இத்தகைய அலமாரிகளைப் பெறும்போது நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு என்னும் மூன்று பத்திகளோடு பட்டியல் இடுகின்றன. யாரிடமிருந்து வந்தது, எந்த அடுக்கில் எதன் அருகில் இருந்தது, முன்பக்கத்தில் யார் பெயர் எழுதப்பட்டுள்ளது, இடையில் என்ன செருகப்பட்டிருந்தது என்பவற்றுக்கு இன்னும் இரண்டு பத்திகள் போதும். நூல்களை அலமாரியிலிருந்து இறக்குவதற்கு முன்பு அவற்றை நிரப்ப வேண்டும். இறக்கிய பின்பு நிரப்ப வழியில்லை.